இரண்டு ஔவையார், இரண்டு கழுதைகள்

ஔவையார் பெயரில் நமக்கு இரண்டு கழுதைகள் கிடைத்திருக்கின்றன. முதலாவது ஊருக்கே தெரிந்த கழுதை. ஆரைக்கீரையை வைத்து விடுகதை போட்ட கம்பர் வாக்கியத்துக்கு வாக்கியம் 'அடி' சேர்த்தாராம். பாட்டி விடவில்லை. 'எட்டேகால் லட்சணமே, எமனேறும் பரியே, மட்டில் பெரியம்மை வாகனமே' என்று தொடங்கி 'அடா' போட்டுத் திருப்பி அடித்தாராம். தமிழ் எண்ணில் 8 என்பது 'அ', கால் என்பது 'வ'. ஆக, அவலட்சணமே. எமன் ஏறும் பரி எருமை. பெரியம்மை மூதேவி, அவள் வாகனம் கழுதை. அடுத்து வரும் கூரையில்லா வீடு குட்டிச்சுவர், ராமன் தூதுவன் குரங்கு. ஒரு வெண்பாவுக்குள் 3 விலங்குகள் வந்துபோகின்றன. ஒன்றுக்காவது உடம்பு உண்டா என்று பாருங்கள். காது, குளம்பு, தோல், வால் எதுவும் கிடையாது. பெயரைக்கூடச் சொல்லாமல், திட்டுவதற்கு உதவும் அளவுக்கு மட்டும் அவை தலைகாட்டுகின்றன.

இரண்டாவது கழுதை தகடூர்க் கழுதை. தகடூர் இன்றைய தருமபுரி. அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் பொகுட்டெழினியைச் சங்ககால ஔவையார் பாடியது புறநானூற்றின் 392-ஆம் பாட்டு. அதில் பகைவர் மதிலைக் கடந்து அவர்கள் மண்ணை அவன் என்ன செய்தான் என்று வருகிறது:

'நிணம்படு குருதிப் பெரும்பாட்டு ஈரத்து
அணங்குடை மரபின் இருங்களந் தோறும்
வெள்வாய்க் கழுதைப் புல்லினம் பூட்டி
வெள்ளை வரகும் கொள்ளும் வித்தும்
வைகல் உழவ'

இந்த ஔவையும் கழுதையைப் 'புல்லினம்' என்றுதான் சொல்கிறார். அற்ப இனம். மரியாதை ஏதும் கூட்டிக் கொடுக்கவில்லை. ஆனால் திட்டுவதற்கு முன் அதன் வாயைப் பார்த்திருக்கிறார். நம் ஊர்ச் சாம்பல் கழுதைக்கு முகமெல்லாம் மங்கலாக இருந்தாலும் மூக்கைச் சுற்றி மாவில் முக்கி எடுத்ததுபோல வெளுத்திருக்கும். 'வெள்வாய்' என்ற ஒரு சொல்லில் அது வந்துவிட்டது. இரண்டு ஔவைக்கும் இடையில் பல நூற்றாண்டு. அந்த இடைவெளியில் கழுதை தொலைத்தது இந்த வாயைத்தான்.

அழகில்லாத, அடிமட்டத்து விலங்குகளைப் பாட்டுகள் எப்படிக் காட்டுகின்றன என்று ஒப்பிடப் போனால், 'இவர் உயர்வாகச் சொன்னார், அவர் தாழ்வாகச் சொன்னார்' என்று பிரிப்பதில் பெரிய பயன் இல்லை. கழுதையைத் தாழ்வாகச் சொல்லாத பழம்பாட்டு அரிது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: இழிவு யார் தலையில் போய் விழுகிறது? 392-இல் இழிவு கழுதைக்கு அல்ல, அது உழுத மண்ணின் சொந்தக்காரனுக்கு. வெண்பாவிலோ எருமையும் கழுதையும் குரங்குமே இழிவாகி நிற்கின்றன. இழிவு விலங்கிடமே தங்கிவிட்ட பாட்டில் கவிஞருக்கு அதை உற்றுப்பார்க்க வேலை இருப்பதில்லை. இதற்கு விலக்கும் உண்டு. அது ஒரு தவளை, பின்னால் வருகிறது.

முதலில் அந்த உழவை முழுதாகப் பார்த்துவிடலாம். கழுதை ஏர் என்பது விவசாயம் அல்ல. நம் நாட்டுக் காளைக்குத் திமில் உண்டு. நுகத்தடி திமிலுக்கு முன்னால் கழுத்தில் உட்கார்ந்து, இழுக்க இழுக்க அதில் போய் அண்டிக்கொள்ளும். கழுதைக்குத் திமில் இல்லை. அதே நுகத்தை வைத்தால் வழுக்கும், தோளைத் தேய்க்கும், கொழு ஆழமாக இறங்காது. உழுது விளைய வைப்பது நோக்கமாக இருந்தால் யாரும் கழுதையைப் பூட்ட மாட்டார்கள். வென்ற ஊரைப் பாழ் என்று அறிவிக்கும் சடங்கு இது. நெட்டிமையார் பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடிய புறம் 15-இலும் இதே 'வெள்வாய்க் கழுதைப் புல்லினம்' பூட்டப்படுகிறது. அங்கே தேர் ஓடிக் குழிந்த தெருக்களில் ஓட்டுகிறார்கள். தமிழ்நாட்டு வழக்கம் மட்டுமல்ல. ஒடிசாவின் ஹாத்திகும்பா கல்வெட்டில் கலிங்க மன்னன் காரவேலனும் பிதுண்டம் என்ற ஊரைக் கழுதை ஏரால் உழுததாகச் சொல்லிக்கொள்கிறான்.

ஆனால் நெட்டிமையார் ஏரோடு நிறுத்திக்கொள்கிறார். ஔவை விதைப்பு வரை போகிறார். 'குருதிப் பெரும்பாட்டு ஈரத்து' என்ற தொடரைக் கவனியுங்கள். ஈரம் பார்த்து விதைப்பது மானாவாரிக்காரர் பேச்சு. இங்கே ஈரம் மழை கொடுத்ததல்ல, ரத்தம் கொடுத்தது. விதையாக வருவது வரகும் கொள்ளும். உரைகளில் இதை 'புன்செய்த் தானியம் விதைத்து அவமதித்தான்' என்று முடித்துவிடுவது வழக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரருக்கு இது கொஞ்சம் இடிக்கும். கேழ்வரகும் சாமையும் கொள்ளும் தின்று வளர்ந்த மண் இது. கொள்ளு கடைசி ஈரத்திலும் முளைத்துவிடும், வரகு ஏறக்குறைய 4 மாதம் நின்று காயலைத் தாங்கும். நெல் விளைந்த இடத்தில் வரகு என்றால் அவமானம். வரகே விளையும் நாட்டுக் கவிஞர் அதை எழுதும்போது, 'உன் கோட்டை இனி எங்கள் மேட்டுக்காடு' என்ற இன்னொரு பொருளும் கேட்கிறது. பாட்டில் இது நேராக இல்லை. ஆனாலும் இங்கே இருந்து படிப்பவர் காதில் விழாமல் இருக்காது.

கழுதை வேலை செய்யும் பாட்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் இன்னும் தெளியும். பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் சுங்கச்சாவடி உள்ள பெருவழியில் போகும் மிளகுச் சாத்தை, அதாவது வணிகக் கூட்டத்தைக் காட்டுகிறார்:

'தடவுநிலைப் பலவின் முழுமுதல் கொண்ட
சிறுசுளைப் பெரும்பழம் கடுப்ப மிரியல்
புணர்ப்பொறை தாங்கிய வடுஆழ் நோன்புறத்து
அணர்ச்செவிக் கழுதைச் சாத்தொடு வழங்கும்
உல்குடைப் பெருவழி'

மிரியல் என்பது மிளகு. பலாமரத்தின் அடிமரத்திலேயே ஒட்டிக்கொண்டு தொங்கும் பெரும்பழம் போல மூட்டை தொங்குகிறது. உள்ளே சின்னச் சுளையாக மிளகு. 'புணர்ப்பொறை' என்ற சொல்லில் பொதி கட்டும் முறையே அடங்கியிருக்கிறது. புணர்த்த பொறை, அதாவது இரண்டு பக்கமும் சரிசமமாக இணைத்துக் கட்டிய சுமை. ஒரு பக்கம் 2 கிலோ கூடினாலும் பொதி அந்தப் பக்கம் சரியும். கயிறு முதுகெலும்பின் மேல் அறுக்கும், மேடு இறங்குவதற்குள் புண் வைத்துவிடும். புண் ஆறும் முன்பே மறுபடி ஏற்றினால் தழும்பு ஆழமாக உட்காரும். 'வடு ஆழ் நோன்புறம்' அதுதான். 'வடு உள்ள முதுகு' என்று சொல்லியிருந்தால் இரக்கம் மட்டும் இருந்திருக்கும். 'ஆழ்' என்றதில் எத்தனை நடை நடந்தது என்ற கணக்கும், 'நோன்' என்றதில் இன்னும் தாங்குகிறது என்ற செய்தியும் சேர்ந்துவிட்டன. பாரம் சுமக்கும் விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகள் ஒரு கழுதைக்கு 50 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது என்கின்றன. உருத்திரங்கண்ணனார் காலத்தில் அப்படி வரம்பு இருந்ததாகத் தெரியவில்லை. முதுகுதான் கணக்குச் சொல்கிறது.

உப்பு வணிகரைப் பாடும் அகநானூறு 207-இல் அதே விலங்கு 'நரைப்புறக் கழுதை', 'குறைக்குளம்பு உதைத்த கல்பிறழ் இயவு'. நரைத்த முதுகு, தேய்ந்து குறைந்த குளம்பு, அது உதைத்துக் கல் புரண்ட பாதை. பெரும்பாணாற்றுப்படை முதுகைப் பார்த்தது, அகநானூறு குளம்பைப் பார்த்தது. மலைப்பாதையில் கழுதைக்குப் பின்னால் நடந்தவருக்கு இரண்டாவதுதான் முதலில் கண்ணில் படும். பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்கு 2021 சட்டமன்றத் தேர்தலில் வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை மேல்தான் ஏறின. கட்டிய முறை புணர்ப்பொறையேதான்.

கல்லூரி மாணவர்கள் இப்படி ஒப்பீட்டுக் கட்டுரை எழுதும்போது பாட்டுக்குப் பாட்டு பொழிப்புரையை அடுக்கிவிட்டு, கடைசிப் பத்தியில் 'இவ்வாறு' என்று முடிப்பார்கள். அதில் ஒப்பீடே இருக்காது. ஒரு தாளை நெடுக்கே இரண்டாக மடித்து, இடப்பக்கம் அந்த விலங்கின் உடம்பைச் சொல்லும் அடைமொழிகளையும் வலப்பக்கம் அது செய்யும் வினைகளையும் பாட்டின் சொல்லிலேயே எழுதிப்பார்ப்பது நல்லது. உரையாசிரியர் சொல்லை எடுக்கக் கூடாது, சந்தி பிரித்த மூலச்சொல் வேண்டும். எந்தப் பக்கம் காலியாக இருக்கிறதோ அங்கேதான் விஷயம் இருக்கும். எட்டேகால் வெண்பாவுக்கு இரண்டு பக்கமும் காலி. புறம் 392-க்கு ஓர் அடை மட்டும், பூட்டப்படுகிறதே தவிரத் தானாக எதுவும் செய்வதில்லை. பெரும்பாணாற்றுப்படைக்கு இடப்பக்கம் நிரம்பி வழியும். அடுத்த கேள்வி, இந்த விலங்கு பாட்டில் யாருக்காக நிற்கிறது என்பது. சில பாட்டில் அது யாருக்காகவும் நிற்காது, வழியில் போகும் கழுதை கழுதைதான். எல்லாவற்றிலும் உள்ளுறை, அதாவது மறைபொருள் தேடுவது வாத்தியார்களிடமிருந்து மாணவருக்குத் தொற்றும் நோய்.

எருமைக்கு வந்தால் வலப்பக்கம் நிரம்பும். அள்ளூர் நன்முல்லையாரின் அகநானூறு 46-இன் தொடக்கம்:

'சேற்றுநிலை முனைஇய செங்கட் காரான்
ஊர்மடி கங்குலில் நோன்தளை பரிந்து
கூர்முள் வேலி கோட்டின் நீக்கி
நீர்முதிர் பழனத்து மீன்உடன் இரிய
அம்தூம்பு வள்ளை மயக்கித் தாமரை
வண்டுஊது பனிமலர் ஆரும் ஊர'

உடம்புக்கு ஒரே அடை: செங்கண். வினைகளோ 5. கட்டுத்தறிச் சேற்றில் நின்று வெறுத்துப்போகிறது, ஊர் உறங்கியதும் கயிற்றை அறுக்கிறது, முள்வேலியைக் கொம்பால் ஒதுக்குகிறது, குளத்தில் வள்ளைக் கொடியைக் கலக்குகிறது, தாமரையைத் தின்கிறது. நடுவில் மீன்கள் சிதறி ஓடுகின்றன. எருமை வளர்த்தவர்களுக்கு இந்த வரிசை தெரியும். மாடு வேலியைத் தாண்டப் பார்க்கும். எருமை தாண்டாது, கொம்பை உள்ளே விட்டு நெம்பி விலக்கும். அந்தப் பின்வளைந்த கொம்புக்கு அது வசதி. 'கோட்டின் நீக்கி' என்று எழுதியவர் அதைப் பார்த்திருக்கிறார்.

இது தோழி தலைவனிடம் பேசுவது. பரத்தையிடம் போய்வந்தவன் வாசலில் நிற்கிறான். அவனை எருமை என்று எங்கும் சொல்லவில்லை, எருமை உள்ள ஊரனே என்கிறாள். ராத்திரியில் கட்டறுத்தது, வேலியைத் தள்ளியது, பிறர் குளத்தைக் கலக்கியது எல்லாம் யார் செய்தது என்று அவன் கணக்குப் போட்டுக்கொள்ளட்டும். முடிவு இன்னும் குளிர்ச்சி: 'சென்றீ பெரும, நிற் தகைக்குநர் யாரோ'. போ ஐயா, உன்னைத் தடுப்பவர் யார். எருமையைத் தடுத்த வேலி என்ன ஆனது என்று ஏற்கெனவே சொல்லியாயிற்றே. இங்கே எருமை மேல் எந்த இழிவும் இல்லை. பசித்த எருமை தாமரை தின்றால் அது தீனி. மனிதன் அதைச் செய்ததால்தான் பேச்சு.

நற்றிணை 330-இல் ஆலங்குடி வங்கனார் காட்டும் கிடா 'தடமருப்பு எருமைப் பிணர்ச்சுவல் இரும்போத்து'. வளைந்த கொம்பு, சொரசொரத்த பிடரி, கரிய ஆண். நாரைக் கூட்டம் கலைந்து பறக்க 'துடும்' என்று குளத்தில் பாய்ந்து, 'நாள்தொழில் வருத்தம் வீட', அதாவது அன்றைய வேலைக் களைப்பு தீர, மருதமர நிழலில் கிடக்கிறது. 'எருமை மாட்டு மேல மழை பெஞ்ச மாதிரி' என்ற நம் வசவுக்கு இந்த அடி நேர்ப் பதில். எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் மாட்டைவிட மிகக் குறைவு, கருந்தோல் வெயிலை வாங்கிக்கொள்ளும். தண்ணீரும் சேறும் இல்லாமல் அதற்கு உடம்பு ஆறாது. மழையில் அசையாமல் நிற்பது சொரணை கெட்டதால் அல்ல, சுகத்தால். பழமொழி சோம்பலைப் பார்த்த இடத்தில் வங்கனார் உழைப்புக்குப் பிந்தைய இளைப்பாறலைப் பார்த்தார். உழவு எருமையைத் தொட்டுப் பழகியவர் பேச்சு இது.

ஐங்குறுநூற்றில் ஓரம்போகியார் எருமைக்கென்று பத்துப் பாட்டே ஒதுக்கியிருக்கிறார், 91 முதல் 100 வரை. அதில் 92-ஆம் பாட்டு, 'கருங்கோட்டு எருமைச் செங்கண் புனிற்றா காதற் குழவிக்கு ஊறுமுலை மடுக்கும்' என்று ஈன்றணிமை எருமையின் பால்சுரப்புக்குப் போகிறது. இந்தச் சுரப்பைப் பின்னால் வந்த இருவர் பெரிதாக எடுத்துக்கொண்டார்கள். ஆண்டாளின் திருப்பாவை 12-இல் 'கனைத்திளங் கற்றெருமை கன்றுக்கு இரங்கி நினைத்து முலைவழியே நின்றுபால் சோர' வீடே சேறாகிறது. கம்பரின் நாட்டுப்படலத்தில் ஊரில் நிற்கும் கன்றை நினைத்த எருமைகளின் பால் தாரை விழுந்து நெற்பயிர் தழைக்கிறது.

இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா? எருமைக் காம்பின் துவாரத் தசை மாட்டைவிட இறுக்கம். பால் இறங்கவும் நேரம் பிடிக்கும். கன்று முட்ட வேண்டும், இல்லையென்றால் பழகிய குரலோ தீவனத் தொட்டியோ வேண்டும். கன்று செத்தால் தோலுக்குள் வைக்கோல் திணித்துப் பக்கத்தில் நிறுத்திக் கறந்ததும் இதனால்தான். எனவே எருமை சும்மா நிற்கையில் பால் தானாக ஒழுகாது. ஆண்டாள் பாட்டுக்கு உரை சொன்னவர்கள், வீட்டுக்காரன் கண்ணனுக்குப் பணி செய்யப் போய்விட்டதால் எருமை கறக்கப்படாமல் நிற்கிறது என்கிறார்கள். மடி கட்டி, கன்று நினைப்பும் வந்தால் ஒழுகலாம். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கம்பர் காரணமே சொல்லவில்லை, கோசலத்தில் எதுவும் வழியும். நாட்டு வளம் பாட வந்தவருக்கு அது போதும். பால்காரர் ஆண்டாள் பக்கம்தான் நிற்பார்.

கோசலத்திலேயே கம்பர் இன்னொரு பாட்டில் எருமையையும் தவளையையும் ஒரே தொட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்துகிறார். தாமரைப் படுக்கையில் அன்னக்குஞ்சு. 'கால் உண்ட சேற்று மேதி கன்று உள்ளிக் கனைப்பச் சோர்ந்த பால்' குடித்து அது தூங்க, 'பச்சைத் தேரை தாலாட்டும் பண்ணை'. அழகுக்குப் பேர்போன அன்னம் இங்கே தூங்குவதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. பாலுக்கு எருமை, பாட்டுக்குத் தேரை.

தேரை என்றதும் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். இன்று தேரை என்றால் பலருக்கு ஒட்டிக்கொள்ளும் தோஷம்தான் நினைவுக்கு வரும். உள்ளே பருப்பு இல்லாத தேங்காயைத் தேரை மோந்தது என்போம், மெலிந்த பிள்ளையைத் தேரை விழுந்தது என்போம். காயில் பருப்பு பிடிக்காததற்கு மகரந்தச் சேர்க்கைக் குறை, சத்துக் குறை என்று காரணங்கள் இருக்கின்றன, தேரை பாவம். இந்த நினைப்போடு சங்கப் பாட்டைத் திறந்தால் வழுக்கும், அங்கே தேரை முழுக்க முழுக்க ஓசை. ஐங்குறுநூறு 468 'வரிநுணல் கறங்கத் தேரை தெவிட்ட' என்று மணலில் புதையும் தவளையான நுணலையும் தேரையையும் தனித்தனியே பிரித்து இரண்டு வினை கொடுக்கிறது. நுணலையும் தேரையையும் ஒன்றாக்கித் 'தவளை' என்று பொருள் எழுதினால் பாட்டில் கேட்ட இரண்டு குரலில் ஒன்று செத்துவிடும்.

குறுந்தொகை 193-இன் தேரை நம் வட்டாரத்துக்கு இன்னும் நெருக்கம். எழுதியவர் அரிசில் கிழார், தகடூரை எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையைப் பதிற்றுப்பத்தில் பாடியவர். ஔவை அதியமான் பக்கம், இவர் சேரன் பக்கம். போர்க்களம் கண்ட கை எழுதுவது இது:

'மட்டம் பெய்த மணிக்கலத்து அன்ன
இட்டுவாய்ச் சுனைய பகுவாய்த் தேரை
தட்டைப் பறையின் கறங்கும் நாடன்'

கள் ஊற்றிய நீலமணிக் கலம்போல வாய் குறுகிய சுனை. அதற்குள் வாய் அகன்ற தேரை. 'இட்டுவாய்', 'பகுவாய்' என்று இரண்டு வாயையும் எதிரெதிரே வைத்திருப்பது தற்செயல் அல்ல. சின்ன வாயுள்ள பாத்திரத்துக்குள் கத்தினால் ஒலி திரண்டு வெளியே வரும். தட்டை என்பது தினைப்புனத்தில் கிளி விரட்ட மூங்கிலைப் பிளந்து செய்யும் கருவி. தட்டினால் 'டக் டக்' என்று வெடிப்பு ஒலி. குயிலோடும் யாழோடும் ஒப்பிடாமல் காவல் காரியத்துக்கான மூங்கிலோடு ஒப்பிட்டதால் அந்தக் கரகரப்பு அப்படியே நிற்கிறது. அகநானூறு 154-இல் பள்ளத்து நீரில் 'பகுவாய்த் தேரை சிறுபல் இயத்தின்' ஒலிக்கிறது. சின்னச் சின்ன வாத்தியங்கள் பல. ஒற்றைத் தேரைக்குத் தட்டை, கூட்டத்துக்கு வாத்தியக் குழு.

இனி அந்த விலக்கு. பழமொழி நானூறு நீதி நூல். 'பொல்லாத சொல்லி மறைந்தொழுகும் பேதை' தன் சொல்லாலேயே கெடுவான் என்பதற்கு முன்றுறை அரையனார் கொண்டுவரும் எடுத்துக்காட்டு: 'மணலுள் முழுகி மறைந்து கிடக்கும் நுணலும் தன் வாயால் கெடும்'. இழிவு விலங்கிடமே இருக்கிறது, ஆனாலும் பார்வை மழுங்கவில்லை. மணல் தவளை பின்னங்காலால் தோண்டிப் பின்பக்கமாக மண்ணுக்குள் இறங்கும். கோடை முழுக்க அது இருக்கும் இடம் தெரியாது. முதல் நல்ல மழை இரவில் மேலே வந்து ஆண் கத்தத் தொடங்கும். துணையைக் கூப்பிடும் அந்தக் குரல்தான் பாம்புக்கும் ஆந்தைக்கும் முகவரி. 'முழுகி' என்ற வினை எவ்வளவு சரி! மணலில் முழுகுவது வேறு எதுவும் அல்ல, இந்த நுணல்தான். நீதிக்காக விலங்கைத் தேடாமல் ஊரார் வாயில் ஏற்கெனவே இருந்த பழமொழியை எடுத்து வைத்ததால் உற்றுப்பார்த்த கண் கெடாமல் வந்துவிட்டது என்று தோன்றுகிறது.

நண்டுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. ஓரம்போகியாரே ஐங்குறுநூறு 24-இல் 'தாய்சாப் பிறக்கும் புள்ளிக் கள்வனொடு பிள்ளை தின்னும் முதலைத்து அவனூர்' என்கிறார். தாய் சாகப் பிறக்கும் நண்டும், தன் பிள்ளையைத் தின்னும் முதலையும் உள்ள ஊராம் அவன் ஊர். வயல் நண்டு முட்டையையும் பொரித்த குஞ்சையும் வயிற்று மடிப்புக்குள் வைத்துச் சுமக்கும். பிடித்து மடிப்பைப் பிரித்தால் எள்ளுப்போலக் குஞ்சுகள் கொட்டும். செத்த தாயின் வயிற்றிலிருந்து பிள்ளைகள் வந்ததாகத் தோன்றுவது இயல்பு. உண்மையில் அது பிரசவத்தால் சாவதில்லை. ஆனால் நம்பிக்கை நின்றுவிட்டது. ஔவையார் பெயரிலேயே உள்ள நல்வழியில் 'நண்டுசிப்பி வேய்கதலி நாசமுறும் காலத்தில்' என்று அது அழிவுக்கு அடையாளமாகிவிட்டது. புள்ளியும் போயிற்று, ஆம்பல் தண்டை அறுக்கும் கொடுக்கும் போயிற்று.

முதலையும் அப்படித்தான் பழி சுமந்தது. ஐங்குறுநூறு 41 அதை 'அன்பில் முதலை' என்றே சொல்லிவிடுகிறது. ஆற்றங்கரையில் தாய் முதலை முட்டைக்குள்ளிருந்து குஞ்சுகள் கத்துவது கேட்டு மண்ணைத் தோண்டி, பொரித்தவற்றை வாயில் கவ்வித் தண்ணீரில் கொண்டுபோய் விடும். கரையிலிருந்து பார்ப்பவருக்குத் தின்பதுபோலத்தான் இருக்கும். கண்டது சரி, கொண்ட பொருள் தவறு.

காவிரி முதலையை நன்றாகப் பார்த்தவர் தகடூர் ஔவைதான். ஒகேனக்கல்லில் இன்று வனத்துறையின் முதலை மறுவாழ்வு மையம் இருக்கிறது. கம்பிக்கு அப்பால் அரைத்தூக்கத்தில் மரக்கட்டைபோலக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, 'இதுவா?' என்று நகர்கிறவர்களே அதிகம். புறம் 104 அவர்களுக்கு எழுதியது போல இருக்கிறது: 'ஊர்க்குறு மாக்கள் ஆடக் கலங்கும் தாள்படு சின்னீர்க் களிறு அட்டு வீழ்க்கும் ஈர்ப்புடைக் கராஅத்து அன்ன என்னை'. சிறுபிள்ளைகள் விளையாடினாலே கலங்கிவிடும் கணுக்கால் தண்ணீர். அதில் கிடந்து யானையை இழுத்து வீழ்த்தும் கராம் போன்றவன் என் தலைவன், இளையன் என்று இகழ்ந்தால் உங்களுக்கு வெற்றி கிடைக்காது என்கிறார். முதலை, இடங்கர், கராம் என்று மூவகை சொல்கிறது குறிஞ்சிப்பாட்டு, இது அவற்றில் ஒன்று. ஔவை அதன் பல்லையோ வாலையோ பாடவில்லை, தண்ணீரின் ஆழத்தைப் பாடியிருக்கிறார். புறம் 94-இல் இதே அதியமானுக்கு இதே ஊர்க்குறு மாக்கள்தான் வருகிறார்கள். அங்கே அவன் நீர்த்துறையில் படுத்து, பிள்ளைகள் தன் வெண்தந்தத்தைக் கழுவ விட்டுக்கொடுக்கும் யானை. வேண்டியவருக்கு யானை, வேண்டாதவருக்கு அந்த யானையையே வீழ்த்தும் கராம். இரண்டு பாட்டையும் சேர்த்துப் படிக்காவிட்டால் இந்த விளையாட்டு கண்ணில் படாது.

பன்றிக்கு ஒரே பாட்டு போதும். நற்றிணை 98, உக்கிரப் பெருவழுதி. முள்ளம்பன்றி முள் போன்ற பிடரி மயிருள்ள 'சிறுகட் பன்றி' தினைப்புனத்துக்குள் புக, பொறி வைத்த நுழைவழியில் தலையை விடுகிறது. பக்கத்தில் பல்லி கத்துகிறது. 'மெல்லமெல்லப் பிறக்கே பெயர்ந்து' தன் கல்லளைக்குத் திரும்பிவிடுகிறது. பன்றி சகுனம் பார்த்தது என்று சிரித்துக்கொண்டே படிக்கலாம். ஆனால் சிறுகண் விலங்குக்குப் பார்வை மட்டு, செவியும் மூக்கும்தான் துணை. புரியாத ஒலி கேட்டால் அப்படியே நிற்கும், பின்வாங்கும். கடலைக்காட்டைச் சுற்றி நம் விவசாயிகள் பழைய சேலை கட்டுவது இதே கூச்சத்தை நம்பித்தான். அது பலிக்காதபோது வரும் கள்ள மின்வேலிக்கு எந்தப் பல்லியும் எச்சரிப்பதில்லை. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே அப்படி ஒரு வேலியில் 3 யானைகள் மடிந்தன.

மீதி இருப்பது வாவல், அதாவது வௌவால். கிருஷ்ணகிரி மாந்தோப்புகளில் அதற்கு நல்ல பெயர் கிடையாது. பழுக்கும் பருவத்தில் இரவோடு இரவாக வந்து, சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்பிவிட்டுப் போகும். நற்றிணை 87-இல் நக்கண்ணையார் காட்டும் வாவலும் மாமரத்துவாசிதான்: 'உள்ளூர் மாஅத்த முள்எயிற்று வாவல்'. உயர்ந்த கிளையில் தலைகீழாகத் தொங்கித் தூங்கும்போது அது கனவு காண்கிறது. மாம்பழத்தை அல்ல, அழிசி என்பவனின் பெருங்காட்டு நெல்லியின் புளிச்சுவையை. காலடியில், இல்லை, தலைக்குக் கீழே மாம்பழம் இருக்கக் கனவில் காட்டு நெல்லி! தலைவன் நினைவு வந்து போனதைச் சொல்லும் பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடைத்திருக்காது. முள்ளெயிறு என்று பல்லைச் சொன்னபிறகு புளிப்பைச் சொல்வதால் நமக்கே பல் கூசுகிறது. தகடூரில் அதியமான் ஔவைக்குக் கொடுத்த நெல்லியைப் புறம் 91 'தீங்கனி' என்கிறது. தந்தவன் கையைப் பார்த்துச் சொன்ன சுவை அது. வாவலுக்கு யாரும் தரவில்லை, அதனால் அதன் நெல்லி புளிக்கிறது.